கடலடியில் கிடக்கும் நடுகற்கள்

'அவன் சரியான எம்டன்' என்று ஒருவரைக் குறித்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எளிதில் பிடிபடாதவன், எதையும் துணிந்து செய்பவன் என்பது அதன் பொருள். அச்சொல் ஒரு செருமானியப் போர்க்கப்பலின் பெயர் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் வியப்போடு நிமிர்ந்து அமர்வார்கள். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டுகளைப் பொழிந்தது. அதன் நினைவுப் பலகை சென்னை உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் உண்டு. ஏழு வாரங்களுக்குள், நவம்பர் 9ஆம் நாள், கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியின் தாக்குதலுக்கு ஆட்பட்டுப் பவளப்பாறையில் தரைதட்டி அழிந்தது எம்டன். அதிலிருந்தோருள் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் 1950களில் அதன் பெரும்பகுதி பழைய இரும்புக்காக வெட்டி எடுக்கப்பட்டது.

அதன் பெயரைத் தமிழ் வாங்கிக்கொண்டது. அதன் இரும்பைச் சந்தை வாங்கிக்கொண்டது. அதில் மாண்டவர்களை யார் வாங்கிக்கொண்டார்கள் என்ற வினாவை நான் நெடுநாள் எழுப்பியதில்லை. அவ்வினாவை என்னுள் எழுப்பியது நூலன்று. ஒரு படகுப் பயணம்.

கல்குடாக் கடலில்

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்திற்காக இலங்கையின் கிழக்குக் கரைக்குச் சென்றிருந்தேன். வளைகுடா நாட்டில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையை ஒட்டி அங்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் ஸ்கூபா முக்குளிப்புப் பயின்று சான்றிதழும் பெற்றவர். "ஐயா, இக்கடலுக்கடியில் போர்க்காலக் கப்பல்கள் கிடக்கின்றன. நீங்கள் இறங்க வேண்டா, படகில் இருந்து பாருங்கள்" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றார். நானோ குளத்தில் இடுப்பளவு நீருக்கு மேல் இறங்கியறியாதவன். ஓட்டமாவடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் படகைச் செலுத்தினார். அவரை நான் 'காக்கா' என்றே அழைத்தேன்.

மாணவரும் வழிகாட்டியும் இறங்கிய இடத்தில், ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பல். முக்கால் மணி நேரம் சென்று மேலே வந்த மாணவரின் முகம் ஒளியுற்றிருந்தது. இரும்புத் தகடுகளின் மேல் பவளம் படர்ந்திருப்பதையும், முறிந்த உடற்பகுதிக்குள் மீன்கூட்டம் புகுந்து புறப்படுவதையும் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு. பின்னர்த் தம் உறையிலிருந்து விரல் நீளமுள்ள ஒரு செப்புக் குழாய்த் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "ஐயா, நம் தமிழ்த்துறைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மகிழ்ந்தேன். பேழையில் அதற்கான இடத்தையும், அதன் கீழே எழுத வேண்டிய குறிப்பையும் மனத்துள் அமைத்துவிட்டேன்.

படகோட்டியார் அதுவரை வாய் திறக்கவில்லை. துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, எடுத்த இடத்திலயே வெச்சிட்டு வாங்க. நாங்க அதுக்கு மேல வல போடுறம், மீன் புடிக்கிறம். ஆனா அதில இருந்து ஒண்டும் எடுக்கிறல்ல. அது மவுத்தானவங்கட சாமான்" என்றார். எந்தக் கப்பலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அவரிடம் இல்லை. அன்று அக்கடலில் மூழ்கிய யாவற்றையும் அவர் ஒரே கணக்கில் வைத்திருந்தார். இருபதாண்டுகளுக்கும் மேலாகப் புறத்திணை கற்பிக்கும் எனக்கு அந்த வார்த்தையின் முன் தலை தாழ்ந்தது.

1942 ஏப்ரல் 9

அன்று என்ன நடந்தது என்பதை மாணவச் செல்வங்கள் அறிதல் வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே இலங்கைக்குத் தென்மேற்கே கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. அவற்றில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏப்ரல் 9ஆம் நாள் காலை திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதலுக்கு அஞ்சித் துறைமுகத்தை விட்டு முந்திய இரவே வெளியேறியிருந்த 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்ணில் பட்டது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற்கப்பல் என்னும் பெருமை அதற்குண்டு. எனினும் அன்று அதன் தளத்தில் ஒரு விமானங்கூட இல்லை. சிறிது நேரத்திற்குள் அது கவிழ்ந்து மூழ்கியது. முந்நூற்றேழு பேர் உயிரிழந்தனர். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயர், சிறுபோர்க்கப்பல் ஹாலிஹாக், எண்ணெய்க் கப்பல்கள் ஆதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகியனவும் அன்றே மூழ்கின. அவ்வழியே வந்த 'விட்டா' என்னும் மருத்துவமனைக் கப்பல் ஏறத்தாழ அறுநூறு பேரை நீரிலிருந்து மீட்டது.

ஹெர்மிஸ் இன்று ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. அதனுள் இறந்தவர்களுக்கு வேறு அடக்கத்தலம் இல்லை. அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் உள்ள நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. உடல்களோ மட்டக்களப்பு மீனவர்களின் வலைகளுக்குக் கீழே உள்ளன.

காண்பது தவறா?

இங்கே ஒரு வினா எழுகிறது. இறந்தோர் கிடக்குமிடத்தில் இன்பப் பயணம் தகுமா? அறவே தடுத்துவிடுதல் நன்றன்றோ என்று சான்றோர் சிலர் கேட்கக்கூடும். அவ்வினாவில் நியாயம் இருப்பினும் அதன் முடிவை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

கடலுள் மூழ்கித் தேடுதல் நம் கரைகளுக்குப் புதிதன்று. மன்னார்க் குடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் ஒரே மூச்சில் இறங்கி ஏறியவர்கள். மூச்சுக்காற்றை முதுகில் சுமந்து செல்லும் இன்றைய கருவியை ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் பிரான்சில் 1943ஆம் ஆண்டில் உருவாக்கினர். அதே உலகப்போரின் நடுவில் பிறந்த கருவிதான் அப்போரில் மூழ்கிய கப்பல்களைக் காணும் வாய்ப்பை நமக்குத் தந்தது என்பது எண்ணத்தக்கது.

அவ்வாய்ப்பும் எளிதன்று. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் நீர்மட்டத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உடலை நெருக்கும். ஆழத்தில் மூச்சுவழியே புகும் நைட்ரஜன் குருதியில் கரைந்து அறிவை மயக்கும். விரைந்து மேலே வந்தால் அதே வாயு குமிழிகளாகி உடலை முடக்கும், உயிரையும் பறிக்கும். ஆதலால் பொழுதுபோக்காக முக்குளிப்போர்க்கு 40 மீட்டரே எல்லை என வகுத்துள்ளனர். அதற்கப்பால் தனிப் பயிற்சி வேண்டும். துருவேறிய கப்பலுள் வெடிக்காத குண்டுகளும் இருக்கலாம். இத்தனையும் கடந்து ஒருவர் இறங்குகிறார் எனில், அவர் கண்டு வந்து சொல்லும் செய்தி நமக்கு வேண்டும். காண்பவர் இல்லையெனில் காப்பவரும் இரார். கண்காணாத இடத்தில்தான் களவு நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

கை நீண்ட கதை

செங்கடலில் எகிப்தின் கரைக்கப்பால் 'திசில்கார்ம்' என்னும் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1941 அக்டோபர் 6ஆம் நாள் செருமானிய விமானத் தாக்குதலில் அது மூழ்கியது. ஒன்பது பேர் மாண்டனர். வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அது சுமந்து சென்ற லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் துப்பாக்கிகளும் காலணிகளும் அப்படியே அடுக்கியபடி கிடந்தன. உலகின் பல நாடுகளிலிருந்தும் முக்குளிப்போர் அங்கே செல்கின்றனர். ஆளுக்கொரு சிறு நினைவுப்பொருள் எடுத்ததில் வண்டிகளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படகுகள் கப்பலின் உடலிலேயே கயிற்றைக் கட்டி இழுத்ததில் இரும்பு பிளந்தது. இவர்களுள் ஒருவரும் தம்மைக் கள்வர் என்று கருதியிருக்க மாட்டார். என் மாணவரும் கருதவில்லை; நானும் கருதவில்லை.

இது சிறுகை. பெருங்கையின் கதை ஜாவாக் கடலில் நடந்தது. 1942 பிப்ரவரி 27ஆம் நாள் நடந்த போரில் 'டி ராய்ட்டர்', 'ஜாவா', 'கோர்டநார்' என்னும் டச்சுக் கப்பல்கள் மூழ்கின. முதலிரண்டும் கிடந்த இடத்தை 2002இல் முக்குளிப்போர் கண்டறிந்தனர். போரின் எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவை ஒட்டி 2016இல் மீண்டும் சென்று பார்த்தபோது அவ்விரு கப்பல்களும் அங்கே இல்லை! மூன்றாவதிலும் பெரும்பகுதி இல்லை. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல்கள் கிடந்ததற்கு அடையாளமாகக் கடல்தரையில் பள்ளங்களே எஞ்சியிருந்தன. செம்புக்கும் வெண்கலத்துக்கும் எஃகுக்குமாக, பாரந்தூக்கிகள் பொருத்திய தோணிகள் அள்ளிச் சென்றுவிட்டன. அவற்றோடு அங்கே துயின்றவர்களின் எலும்புகள் எங்கே போயின? விடை கூறுவார் இல்லை.

மலேசியாவின் குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசம்பர் 10ஆம் நாள் மூழ்கிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் கப்பல்களில் எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றின் மீதும் இதே கை விழுந்தது. 2023 மே மாதத்தில் ஓர் அயல்நாட்டுத் தோணியை மலேசியக் கடலோரக் காவல் அமைப்பு தடுத்து வைத்தபோது, அதன் தளத்தில் போர்க்காலத்துக் குண்டுகளும் துருவேறிய இரும்பும் குவிந்திருந்தன.

யாருடைய போர்?

"வெள்ளையனும் ஜப்பானியனும் நடத்திய ஆதிக்கப் போர் அது. அவர்கள் கப்பலுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. போர் ஆதிக்கப் போர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அக்கப்பல்களில் இருந்தோர் யாவர் என்று பார்க்க வேண்டும். ஜாவாக் கடலில் மாண்டோருள் அத்தீவுகளின் மைந்தர்களும் இருந்தனர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் பணியாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 'லஸ்கர்' எனப்பட்ட நம் துணைக்கண்டத்து மாலுமியர். சில்ஹட், நவகாளி, சிட்டகாங் பகுதிகளின் ஏழை முஸ்லிம் குடும்பங்களிலிருந்து சென்றோர் பலர். கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி வாரிப் போட்டவர்கள் அவர்கள். நீர்மூழ்கியின் டார்பிடோ பாய்ந்தால் பெரும்பாலும் முதலில் நீர் புகும் இடமும் அதுவே. மும்பையிலிருந்து மொம்பாசா நோக்கிச் சென்ற 'திலாவா' என்னும் பயணிகள் கப்பல் 1942 நவம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டபோது இருநூற்றெண்பது பேர் இறந்தனர். பயணியருள் பெரும்பாலோர் இந்தியரே.

கடலில் மறைந்த துணைக்கண்டத்துக் கடலோடிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் பதிவேடுகளில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அப்பதிவேட்டைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆக, 'அவர்கள் கப்பல்' என்று நாம் ஒதுக்கும் இரும்புக்குள் நம்மவர் எலும்பும் உண்டு. நம்மவர் இல்லாத கப்பலாயினும் என்ன? இறந்தவனுக்குக் கொடியில்லை. பகைவனாய் வந்து சென்னையைச் சுட்ட எம்டனின் மாலுமிக்கும் தாய் ஒருத்தி இருந்தாள்.

நம் மரபு காட்டும் நெறி

இறந்தோரைப் போற்றும் நெறியைத் தமிழர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் படிப்படியாக வகுத்துள்ளது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஒவ்வொன்றுக்கும் துறை உண்டு. கல்லை நீராட்டுதற்கும் ஒரு துறை உண்டு. நீராட்டிய கல்லை நிலத்தில் நடுவதே அம்முறை. கடலில் மாண்டவனுக்கோ அவன் கப்பலே கல். அது நீரிலேயே நாட்டப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நடுகல்லைப் பெயர்த்துத் துணி துவைக்கும் கல்லாக்கியதைக் கண்டு நெஞ்சு பொறாத நாம், கடலடி நடுகல்லைப் பெயர்த்து விற்பதைக் கண்டும் பொறுத்தல் ஆகாது.

இஸ்லாமிய நெறியும் இதற்கு மாறன்று. கரை சேர இயலாத நிலையில் கப்பலில் இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்திக் கடலிலேயே அடக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. நீரில் மூழ்கி இறந்தோரை ஷஹீதுகளோடு சேர்த்து எண்ணுவது நம் மரபு. கப்ருஸ்தானுக்குச் செல்லுதல் தடுக்கப்படவில்லை. அங்கிருந்து எதனையும் பெயர்த்து வருதல்தான் தகாதது. செல்வோர் ஸலாம் சொல்லிச் செல்வர். மறுமையை நினைந்து மீள்வர். கடலடி அடக்கத்தலத்துக்கும் அந்த ஒழுக்கமே போதும்.

சட்டமும் அதன் இடைவெளியும்

போர்க்கப்பல்களையும் அவற்றிலுள்ள உடல்களையும் காக்கப் பிரிட்டன் 1986இல் ஒரு சட்டம் இயற்றியது. காப்பிடமாக அறிவிக்கப்பட்ட கப்பலைக் காணலாம், தொடலாகாது. ஆயின் பிறநாட்டுக் கடலிலும் பிறநாட்டார் மீதும் அச்சட்டத்தின் கை எளிதில் நீளாது. யுனெஸ்கோ 2001இல் வகுத்த நீரடி மரபுச்செல்வ உடன்படிக்கை, நூறாண்டுகள் நீரில் கிடந்தவற்றையே மரபுச்செல்வம் என வரையறுக்கிறது. எம்டன் அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. ஆனால் அதில் எஞ்சியது சிறிதே. ஹெர்மிஸ் அவ்வெல்லையை 2042இல்தான் எட்டும். அதற்குள் அங்கே எதுவும் எஞ்சுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. ஜாவாக் கடலின் கப்பல்கள் அந்நாளுக்குக் காத்திருக்க விடப்படவில்லை.

எதையும் எடுக்கவே கூடாது என்றும் நான் வாதிடவில்லை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலின் மணியை 2002இல் உரிய அனுமதியோடு மேலே கொணர்ந்து அருங்காட்சியகத்தில் வைத்தனர். திருகோணமலைத் துறைமுகத்தில் இடத்தை அடைத்துக் கிடந்த 'சகாயிங்' என்னும் கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல் மேலே எழுப்பியது. தேவை கருதி, பொறுப்புடையோர் அறிவித்துச் செய்வது வேறு. உறைக்குள் ஒளித்து வருவது வேறு. வறுமையால் இரும்பு பொறுக்கும் ஏழை முக்குளிப்பவன் மீது மட்டும் பழி சுமத்துவதும் முறையன்று. வாங்குபவன் இருப்பதால்தான் விற்பவன் இருக்கிறான். காண வருவோர் தரும் கூலி அவனுக்கும் கிடைக்குமாயின், அக்கப்பலைக் காப்பவன் அவனே ஆவான். கல்குடாப் படகோட்டியார் அதற்குச் சான்று.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பலர் நாளை அயல்நாடு செல்வீர்கள். சிலர் கடலுக்குள்ளும் இறங்குவீர்கள். இறங்குமுன் அக்கப்பலின் பெயரையும், அதில் மாண்டோர் தொகையையும் அறிந்துகொள்ளுங்கள். கண்ணால் காணுங்கள், கையைக் கட்டிக்கொள்ளுங்கள், கண்டதை எழுதுங்கள்.

கடற்கரையூர்ப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கப்பலுக்குச் சென்று திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு உங்கள் குடும்பத்தில் இருக்குமாயின், அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எம் துறைக்கு எழுதி அனுப்புங்கள். கண்ணாடிப் பேழையில் செப்புத் துண்டுக்கென நான் மனத்துள் ஒதுக்கிய இடம் காலியாக உள்ளது. அவ்விடத்தில் அப்பெயர்களை எழுதிய ஒரு குறிப்பேட்டை வைக்க விரும்புகிறேன்.

அன்று படகில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உடலிலுள்ள நைட்ரஜன் குறையாமல் மறுமுறை இறங்குதல் ஆகாது என்றார் வழிகாட்டி. அதன்பின் என் மாணவர் மீண்டும் இறங்கினார். மேலே வந்தபோது அவர் உறை வெறுமையாக இருந்தது. படகோட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. கை கொடுத்து அவரைப் படகில் ஏற்றிக்கொண்டார்.